சாவியைக் கொடுத்தால்தான் சர்வீஸ் பணமா? எஸ்டேட் கணக்கும் கம்பெனி அதிகாரமும்

கொழுந்துகூடை எழுதியது:

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு எந்தப் பக்கம் போனாலும் ரிட்டயர் ஆகிப் பேர் வெட்டின தொழிலாளிக்கு ஆபீஸ் ஜன்னல்ல கிடைக்கிற பதில் ஒண்ணுதான்: "லயத்தைக் காலி பண்ணி சாவியக் கொடு, அப்புறம் கிராஜுவிட்டி." லயம்ங்கிறது கம்பெனி கொடுத்த வரிசை வீடு, கிராஜுவிட்டிங்கிறது சர்வீஸ் முடிஞ்சா கிடைக்கிற மொத்தப் பணம். வீட்டை விட்டா போக்கிடம் இல்ல. பணம் வந்தாத்தான் கீழ கம்பத்துலயோ போடியிலயோ ஒரு எடம் பாக்க முடியும். பணத்துக்கு வீடு, வீட்டுக்குப் பணம்னு ரெண்டும் ஒண்ணையொண்ணு புடிச்சுக்கிட்டு நிக்குது. இப்படிச் சொல்ல கம்பெனிக்கு அதிகாரம் இருக்கா? இல்லேன்னா யார்கிட்ட, எந்தக் காகிதத்தோட போகணும்? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. "யூனியன்ல கேளு"ங்கிற பதில் வேண்டாம், அத எல்லாரும் கேட்டாச்சு.

—

குமாஸ்தா_குமுளி:

1972-ஆம் ஆண்டு கிராஜுவிட்டி சட்டத்தின் முதல் பிரிவிலேயே தொழிற்சாலை, சுரங்கம் இவற்றோடு தோட்டமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 5 ஆண்டு தொடர் சேவை முடித்தவர் ஓய்வு பெற்றாலும், தானே விலகினாலும் கிராஜுவிட்டி உண்டு. இறந்தாலோ, உடல் முடமானாலோ அந்த 5 ஆண்டுக் கணக்கும் தேவையில்லை.

கம்பெனி பிடித்து வைக்கக்கூடிய காரணங்கள் 4(6) பிரிவில் இருக்கின்றன. வேண்டுமென்றே செய்த செயலாலோ கவனக்குறைவாலோ சேதம் ஏற்பட்டு அதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தால், சேத மதிப்பு அளவுக்குப் பிடிக்கலாம். கலவரமாக நடந்துகொண்டதற்காகவோ ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகவோ நீக்கப்பட்டிருந்தால் ஒரு பகுதியை அல்லது முழுவதையும் பிடிக்கலாம். ஒழுங்காக ஓய்வு பெற்றவருக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. "வீட்டைக் காலி செய்யவில்லை" என்ற வரி அந்தப் பட்டியலிலேயே இல்லை. பண்டிகை அட்வான்ஸ், சொசைட்டிக் கடன், கேன்டீன் பாக்கி எதுவும் இல்லை. 13-ஆம் பிரிவுப்படி நீதிமன்ற உத்தரவைக் கொண்டுகூட கிராஜுவிட்டியை ஜப்தி செய்ய முடியாது.

30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாண்டினால் ஆண்டுக்கு 10 சதவீதம் தனிவட்டி. கம்பெனி கருணை காட்டித் தருவதல்ல இந்த வட்டி, தானாக ஏறும்.

—

மஞ்சப்பை:

குமாஸ்தா அண்ணே, இவ்வளவு நேரா இல்ல விஷயம். உச்ச நீதிமன்றம் ரெண்டு பக்கமும் பேசியிருக்கு. 2001-ல கோரக்பூர் பல்கலைக்கழக வழக்குல, குவார்ட்டர்ஸ் விடலங்கிறதுக்காக ஓய்வுப் பலனை நிறுத்தக்கூடாதுன்னு சொன்னாங்க. 2020-ல ஸ்டீல் அதாரிட்டி வழக்குல, காலம் கடந்து குவார்ட்டர்ஸ்ல இருந்தவருக்கு அபராத வாடகையை கிராஜுவிட்டியில கழிக்கிறது தப்பில்லைங்கிற மாதிரி உத்தரவு. கம்பெனி வக்கீல் இந்த ரெண்டாவதத்தான் தூக்கிட்டு வருவார். அத எதிர்பார்த்துப் போகணும்.

—

குமாஸ்தா_குமுளி:

சரியான குறுக்கீடு. ஆனால் ஸ்டீல் அதாரிட்டிக்கு வீட்டையும் கிராஜுவிட்டியையும் இணைக்கும் சொந்த விதி எழுத்தில் இருந்தது. எஸ்டேட்டில் அப்படி ஒரு விதி இருக்கிறதா, இருந்தால் தொழிலாளிக்குக் காட்டப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வி. "வழக்கம்" என்பார்கள். வழக்கம் விதியாகாது.

கேரளத்துக்குள்ளேயே 1996-ல் டிராவன்கூர் பிளைவுட் வழக்கு இருக்கிறது. கம்பெனி நிலத்தைத் தொழிலாளி ஒப்படைக்கவில்லை என்பது கிராஜுவிட்டியை நிறுத்தப் போதுமான காரணம் அல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கட்டுப்படுத்தும் அதிகாரி (கிராஜுவிட்டி வழக்கை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரி) முன்னால் இதைக் காட்டுங்கள். கம்பெனிக்கு வீடு திரும்ப வேண்டுமென்றால் அதற்குத் தனி வழி: சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு வாங்கட்டும். தண்ணீர்க் குழாயை அடைப்பது, கரண்டை வெட்டுவது அந்த வழியில் சேராது.

நடைமுறையில் ஒரு எச்சரிக்கை: ஓய்வுக்குப் பிறகு லயத்தில் இருக்கும் மாதங்களுக்கு "வாடகை" என்று எந்தத் தாளிலும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் கழிப்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரமாகும்.

—

கணக்குப்புள்ள:

கணக்கு விஷயத்துக்கு வர்றேன். ஏமாத்து பாதி இங்கதான், அதுவும் சத்தமே இல்லாம.

தினக்கூலிக்காரருக்கு 15 நாள் கூலி × சர்வீஸ் வருஷம். அவ்வளவுதான். மாசச் சம்பளக்காரருக்கு மட்டும் மாசச் சம்பளத்த 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கணும். ஆறு மாசத்துக்கு மேல போன மிச்சம் ஒரு முழு வருஷமா ஏறும்.

உதாரணத்துக்கு நாள்கூலி 450 ரூபான்னு வச்சுக்குவோம். 31 வருஷம் 8 மாசம். அது 32. 450 × 15 × 32 = 2,16,000. சில ஆபீஸ்ல 450-ஐ 26-ஆல பெருக்கி மாசம் 11,700 ஆக்கி, அப்புறம் 30-ஆல வகுத்து 390-ன்னு எடுப்பாங்க. 390 × 15 × 32 = 1,87,200. ஒரே வகுத்தல்ல 28,800 ரூபா காணாமப் போச்சு. தாளப் பாத்தா அழகா டைப் பண்ணியிருக்கும், சீல் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

முழுத் தொகையும் 14 மாசம் தாமதமா வந்தா வட்டி 25,200. செக்குல அது இருக்கான்னு பாருங்க. கேக்காதவங்களுக்கு அந்த வரியே தாள்ல வராது.

கூலின்னா பேஸிக்கும் டிஏவும் (அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும்). போனஸ், ஓவர்டைம், வீட்டுப்படி சேராது. அளவுக்கு மேல எடுத்த கொழுந்துக்கான கிலோ காசு சேருமாங்கிறது சண்டைக்குரியது. துண்டுக் கூலின்னு எடுத்துக்கிட்டா கடைசி 3 மாசச் சராசரி, ஓவர்டைம் நீங்கலா. கடைசி மூணு மாசம் நல்ல சீசன்ல விழுந்தா லாபம், மழையில விழுந்தா நஷ்டம். அந்த மூணு மாசச் சம்பளச் சீட்டத் தொலைச்சிராதீங்க.

—

பெரட்டுமணி:

வருஷ எண்ணிக்கைய விட்டுட்டீங்களே. நிரந்தரப் பேர் பதிஞ்ச தேதியில இருந்துதான் ஆபீஸ் எண்ணும். அதுக்கு முன்னால டெம்பரவரியா நாலு வருஷம், ஆறு வருஷம் பெரட்டுக்களத்துல (காலையில ஆள் கணக்கெடுக்கிற எடத்துல) நின்னது கணக்குல வராது. சட்டம் அப்படிச் சொல்லல. வருஷத்துல 240 நாள் வேலை இருந்தா அது தொடர் சேவை. நோய் லீவு, விபத்து லீவு, லே-ஆஃப் (வேலை இல்லன்னு கம்பெனியே நிறுத்தி வைக்கிறது), தொழிலாளி தப்பில்லாத வேலைநிறுத்தம், பிரசவ லீவு 26 வாரம் வரைக்கும், எல்லாம் சேவையிலதான் சேரும். கொழுந்து எடுக்கிற பொம்பளைங்களுக்குப் பிரசவ வருஷத்தத்தான் மொதல்ல வெட்டுவாங்க, அதனால சொல்றேன்.

ஆதாரம் எங்க இருந்து? பழைய பிஎஃப் சீட்டு. டெம்பரவரி காலத்துலயே பிஎஃப் பிடிச்சிருந்தா சேவை ஆரம்பம் அதுல தெரியும். அப்புறம் போனஸ் சீட்டு, எஸ்டேட் ஆஸ்பத்திரி அட்டை, பிரசவக் காசு வாங்கின பதிவு.

—

ஆபீஸ்_ஜன்னல்:

எல்லாத்தையும் கம்பெனியின் சூழ்ச்சியாகப் பார்ப்பது முழு உண்மை ஆகாது. எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க்குக்கு எந்தத் தொகையையும் பாஸ் செய்யும் அதிகாரம் கிடையாது. டிவிஷனில் இருந்து கண்டக்டர் (தோட்ட மேற்பார்வையாளர்) "வீடு ஒப்படைப்பு, கத்தி-கூடை ஒப்படைப்பு, பாக்கி இல்லை" என்று மூன்று கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அது மானேஜருக்குப் போய், அங்கிருந்து ரீஜனல் ஆபீஸ், பிறகு ஹெட் ஆபீஸ் ஆடிட். அந்தச் செக்லிஸ்டில் "வீடு" என்ற கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டரே அடுத்த பக்கத்துக்குப் போகாது. கிளார்க் வேண்டுமென்று செய்வதில்லை.

—

ரெண்டாம்_லயம்:

அதைத்தான் நாங்களும் சொல்றோம் சார். சட்டத்துல இல்லாத ஒரு கட்டத்த யாரோ ஒருத்தர் ஹெட் ஆபீஸ்ல செக்லிஸ்ட்ல சேத்துட்டாரு. சேத்தவர் பேர் யாருக்கும் தெரியாது. ஜன்னல்ல உட்கார்ந்தவருக்கு அதிகாரம் இல்ல, அதிகாரம் உள்ளவருக்கு ஜன்னல் இல்ல. துரை காலத்துல "முடியாது"ன்னு சொன்ன ஆளோட மொகமாவது தெரியும்.

மூணாறுல இந்த அதிகாரம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா காகிதத்துல இருந்துதான். 1877-ல பூஞ்ஞாறு ராஜா ஜே.டி. மன்றோங்கிற வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்த ஒரு பத்திரம். அதுல இருந்து வந்தது கண்ணன் தேவன் மலை முழுசும். 1971-ல கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தத் திரும்ப எடுத்துச்சு, தேயிலைக்குத் தேவைன்னு லேண்ட் போர்டு 1974-ல ஒதுக்கிக் கொடுத்தத மட்டும் கம்பெனி வச்சுக்கிட்டுது. அந்த மிச்சமே ஒரு தாலுக்கா அளவு. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை, தண்ணி எல்லாம் கம்பெனி கைல இருந்த ஊர்ல ஒரு குமாஸ்தா கையெழுத்து போடலேன்னா வாழ்க்கையே நிக்கும்.

2005-ல டாடா டீ தோட்ட நிர்வாகத்த விட்டு விலகினப்ப புதுக் கம்பெனியில தொழிலாளிகளுக்கும் பங்கு கொடுத்தாங்க. பத்து வருஷம் கழிச்சு, 2015 செப்டம்பர்ல, அந்தப் பங்குதாரர்கள்தான் 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டுல உட்கார்ந்தாங்க. பெம்பிளை ஒருமைன்னு தோட்டத்துப் பொம்பளைங்களே சேந்த கூட்டம். யூனியன் தலைவருங்கள பக்கத்துல விடல. ஒன்பது நாள்ல 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகைன்னு சேத்து 20 வந்துச்சு. நாள்கூலி 232-ல இருந்து 301-க்குப் போனது அதுக்கு அடுத்த மாசம். பங்குப் பத்திரம் பெட்டியில இருந்தாலும் கம்பெனி நம்ம கம்பெனி ஆயிராதுன்னு அன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சது.

—

ஆபீஸ்_ஜன்னல்:

கருணைத்தொகை என்று பெயர் வைத்ததைக் கவனித்தீர்களா. அடுத்த வருடம் அதைக் கேட்க உரிமை இருக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தச் சொல். அந்த அளவுக்கு உங்களோடு ஒத்துப்போகிறேன்.

—

குமாஸ்தா_குமுளி:

கொழுந்துகூடை கேட்ட "எந்தக் காகிதம்" என்பதற்கு வருகிறேன்.

முதலில் 'ஐ' ஃபார்ம், தொழிலாளி கம்பெனிக்குக் கொடுக்கும் விண்ணப்பம். பணம் சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுப்பது முறை, தாமதமானால் அதற்காகவே நிராகரிக்க முடியாது. விண்ணப்பமே கொடுக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியது கம்பெனியின் கடமைதான். இருந்தாலும் கொடுங்கள், தேதி வேண்டும் நமக்கு. தொழிலாளி இறந்திருந்தால் நாமினி 'ஜே' ஃபார்மிலும், நாமினி இல்லாத வாரிசு 'கே' ஃபார்மிலும் கேட்க வேண்டும்.

கையில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். "இன்வர்ட் சீல் இல்லை, நாளைக்கு வா" என்றால் வாதாட வேண்டாம், தபாலில் அனுப்புங்கள். பழைய ரிஜிஸ்டர் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஒப்புகை வேண்டும் என்று கவுண்டரில் சொல்லி அதற்கான காசைக் கட்டி அனுப்புங்கள். எஸ்டேட் மானேஜருக்கு ஒன்று, கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஒன்று. மானேஜருக்கு மட்டும் அனுப்பினால் "மேலிடத்துக்கு அனுப்பியாச்சு" என்பார், மேலிடம் "வரவில்லை" என்னும்.

கம்பெனி 'எல்' ஃபார்மில் தொகையைச் சொல்ல வேண்டும், அல்லது 'எம்' ஃபார்மில் காரணம் எழுதி மறுக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டும் வராது. வாயால்தான் பதில் வரும், எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்போது 'என்' ஃபார்ம், கட்டுப்படுத்தும் அதிகாரிக்கு. கேரளத்தில் அந்தப் பொறுப்பு டெபுடி லேபர் கமிஷனரிடம் இருக்கிறது. 90 நாள் கெடு, காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிப்பார். மனுவில் மூன்று வேண்டுதல் எழுதுங்கள்: அசல் தொகை, 10 சதவீத வட்டி, மஸ்டர் ரோலும் (தினசரி வருகைப் பதிவு) கூலி ரெஜிஸ்டரும் வரவழைக்க உத்தரவு. மூன்றாவதை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். ரெஜிஸ்டர் கம்பெனி பெட்டியில் இருக்கும் வரை அவர்கள் சொல்வதுதான் சேவைக்காலம். ஆவணங்களை வரவழைக்க அந்த அதிகாரிக்குச் சிவில் கோர்ட்டுக்குரிய அதிகாரம் உண்டு. வரவழைத்த பிறகு கொண்டுவராவிட்டால் அது தொழிலாளிக்குச் சாதகம்.

தொகையில்தான் சண்டை என்றால், கம்பெனி ஒப்புக்கொள்ளும் தொகையை உடனே அதிகாரியிடம் கட்ட வேண்டும் என்று 7(4) சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். மீதிக்கு விசாரணை நடக்கட்டும். கம்பெனி மேல்முறையீடு செய்ய நினைத்தால் 60 நாளுக்குள், முழுத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவு வந்தும் கொடுக்காவிட்டால் கலெக்டருக்குச் சான்றிதழ் போகும், நிலவரி பாக்கி போல வசூல்.

—

தேவிகுளம்_தமிழ்:

மனு எந்த மொழியில்? தமிழில் எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும், தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும் தமிழர் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். "மலையாளத்துல எழுதிட்டு வா" என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். ஆனால் விசாரணை சீக்கிரம் நகர வேண்டுமென்றால் பின்னால் ஒரு மலையாள மொழிபெயர்ப்பை இணைப்பது புத்திசாலித்தனம். உரிமை வேறு, மேசையில் ஃபைல் நகர்வது வேறு. பிஎஃப் ஆபீஸ் மத்திய அரசுடையது, அங்கே இந்தச் சட்டம் செல்லாது.

—

கணக்குப்புள்ள:

பிஎஃப்-ன்னதும் ஞாபகம் வருது. அங்க பணத்த நிறுத்துறது பேர்தான். எஸ்டேட் ரெஜிஸ்டர்ல "முத்துலெட்சுமி", ஆதார்ல "முத்துலக்ஷ்மி". கல்யாணத்துக்கு முன்ன அப்பா பேர் இனிஷியல், பின்ன புருஷன் பேர் இனிஷியல். ஆங்கில எழுத்துல ஒண்ணு கூடக்குறைய இருந்தாலும் கிளெய்ம் திரும்பி வரும். பிறந்த தேதி இன்னொரு தொல்லை: அந்தக் காலத்துல எஸ்டேட் டாக்டர் பல்லப் பாத்து, ஆளப் பாத்து ஒரு வருஷம் எழுதியிருப்பார், பள்ளிக்கூடச் சான்று வேற சொல்லும்.

2017 அக்டோபருக்குப் பின்னால ஆதாரோட வந்த யூஏஎன்-ஆ (பிஎஃப் உறுப்பினர் எண்) இருந்தா பெரும்பாலான திருத்தத்த உறுப்பினரே ஆன்லைன்ல பண்ணலாம். பழைய யூஏஎன்னுக்குக் கம்பெனி வழியா ஜாயிண்ட் டிக்ளரேஷன் (ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போடுற தாள்) வேணும். மறுபடியும் அதே ஜன்னல்! அதனால ரிட்டயர் ஆகுறதுக்கு ஒரு வருஷம் முன்னாலயே, வேலையில இருக்கும்போதே, திருத்திருங்க. பேர் வெட்டின ஆளுக்குக் கையெழுத்துப் போட எந்த ஆபீசுக்கும் அவசரம் இருக்காது.

பணம் எடுக்க 19-ஆம் ஃபார்ம், 10 வருஷம் முடிஞ்சவங்க பென்ஷனுக்கு 10டி, முடியாதவங்களுக்கு 10சி. பென்ஷன் பெரிசா எதிர்பாக்காதீங்க, குறைஞ்சபட்சம் மாசம் 1000-ங்கிறது 2014-ல வச்சது.

—

மஞ்சப்பை:

நாமினி விஷயம் யாரும் எழுதல. 'எஃப்' ஃபார்ம், ஒரு வருஷ சர்வீஸ் முடிஞ்சதும் கொடுத்தது. கல்யாணத்துக்கு முன்ன தம்பி பேர் போட்டிருப்பாங்க. கல்யாணம் ஆனா அது செல்லாது, குடும்பத்துல ஒருத்தர் பேர் போட்டுப் புதுசா கொடுக்கணும். முக்கால்வாசிப் பேர் கொடுக்கிறதில்ல. வாரிசுச் சான்றுன்னு போனா வில்லேஜ் ஆபீசர் விசாரணை, தாசில்தார், கெஜட் அறிவிப்பு, ஆட்சேபத்துக்கு 30 நாள். புள்ளைங்க ஒருத்தர் திருப்பூர்ல, ஒருத்தர் கயத்தாறுல இருந்தா அந்தப் பக்கத்து விலாசச் சான்றும் கேப்பாங்க. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடி மண்சரிவுல 70 பேர் போனப்ப லயத்தோட குடும்பம் குடும்பமாப் போச்சு. ஆளும் நாமினியும் ஒரே ராத்திரியில போனா மிச்சம் இருக்கிற சொந்தத்துக்கு என்ன காகிதம் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

—

சின்னார்_செக்போஸ்ட்:

இதெல்லாம் பழைய சட்டம் இல்லையா? புது லேபர் கோடு வந்துருச்சே?

—

குமாஸ்தா_குமுளி:

2025 நவம்பர் 21-ல் நான்கு தொகுப்புச் சட்டங்களும் அமலுக்கு வந்தன, கிராஜுவிட்டி இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. 15 நாள் கூலி, 240 நாள், 30 நாள் கெடு எல்லாம் அப்படியேதான். முக்கியமாக மாறியது இரண்டு: குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுத்தவர்களுக்கு 5 ஆண்டு வேண்டாம், ஓராண்டு போதும். மற்றொன்று, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி கூலியாகக் கணக்காகும். அந்தத் தேதிக்கு முன்னால் ஓய்வு பெற்றவருக்குப் பழைய சட்டமே. ஃபார்ம் எழுத்து புதிய விதிகளில் மாறலாம், அதில் நிரப்ப வேண்டியது மாறாது.

—

பெரட்டுமணி:

பூட்டின எஸ்டேட்டுக்கு? பீர்மேடு பக்கம் 2000-ஐ ஒட்டிக் கைவிட்டுப் போன தோட்டங்கள்ல மனு கொடுக்க ஜன்னலே இல்லையே.

—

குமாஸ்தா_குமுளி:

ஆள் இல்லாவிட்டாலும் கம்பெனி இருக்கும். கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் பதிவு அலுவலக விலாசமும் இயக்குநர் பெயர்களும் கிடைக்கும், அவர்களை எதிர்மனுதாரராகச் சேருங்கள். தோட்டம் கை மாறியிருந்தால் வாங்கியவரையும் சேருங்கள், பிஎஃப் பாக்கிக்கு வாங்கியவரும் பொறுப்பு என்று பிஎஃப் சட்டம் 17பி சொல்கிறது. திவால் நடவடிக்கையில் இருந்தால் கெடுவுக்குள் தொழிலாளர் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். பிஎஃப், கிராஜுவிட்டி நிதியில் உள்ள பணம் கடன்காரர்கள் பங்குபோடும் சொத்தில் சேராது. நிதியே வைக்காமல் விட்டிருந்தால் சிக்கல்தான், பொய் சொல்ல மாட்டேன்.

ரெஜிஸ்டர் கிடைக்காவிட்டால் ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட) மனு. தனியார் கம்பெனிக்கு நேராகப் போட முடியாது. எஸ்டேட் அனுப்பிய ரிட்டர்ன், ஆய்வுக் குறிப்பு பிளான்டேஷன் இன்ஸ்பெக்டர் ஆபீஸில் இருக்கும், அங்கே 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள்.

—

கொழுந்துகூடை:

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. இப்ப சில இடத்துல பாதித் தொகைக்குச் செக் நீட்டி, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், வேறு பாக்கி இல்லை"ன்னு அச்சடிச்ச தாள்ல கையெழுத்துக் கேக்குறாங்க. வாங்கலாமா?

—

கணக்குப்புள்ள:

செக்க வாங்குங்க, பசியோட சட்டம் பேச முடியாது. கையெழுத்துக்கு மேல தமிழ்லயே எழுதுங்க: "இவ்வளவு ரூபாய் மட்டும் ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்", தேதி. எழுத விடலேன்னா வாங்கிட்டு அன்னைக்கே அதே வாசகத்த மானேஜருக்கு ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க. கைநாட்டு வைக்கிறவங்களா இருந்தா படிச்சவங்க ஒருத்தர் கூடப் போயி சாட்சிக் கையெழுத்துப் போடணும். அந்தத் தாள போன்ல போட்டோ எடுத்து, மலைக்குக் கீழ இருக்கிற புள்ளைங்களுக்கு அப்பவே அனுப்பிருங்க.